நெற்றிப்பொட்டில் வைத்த விரல்

எழுபதுகளில் கல்லலில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தேன். கட்டி கீறுவதிலும் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

ஒருநாள் ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். பத்து நாளுக்கு முன் நுகத்தடி அடித்த அவர் நெற்றிப்பொட்டில் நெல்லிக்காய் அளவு வீக்கம். கத்தியைச் சூடுகாட்டினேன்.

"அண்ணே, அது துடிக்குது," என்றார் மனைவி.

"கட்டின்னா விண்ணு விண்ணுன்னு தெறிக்கத்தாம்மா செய்யும்."

"வலியச் சொல்லல. அவுக தூங்கையில பாத்தேன், வீக்கமே துடிக்குது. விரல வச்சுப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை. வேண்டாவெறுப்பாக வைத்தேன். மணிக்கட்டில் நாடி அடிப்பதுபோல, வீக்கம் என் விரலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"ரத்தக்குழாய் கிழிஞ்சு, ரத்தம் பையாத் தேங்கியிருக்கு. கீறியிருந்தா பீறிட்டிருக்கும்," என்ற டாக்டர், உடனே ஆபரேஷன் செய்து குழாயைக் கட்டிவிட்டார்.

அடுத்த மாதம் அந்த விவசாயி சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். வாசலில் காவலுக்கு மனைவி.

"தாடிய மட்டும் எடுங்கண்ணே!"

கடையே சிரித்தது, நான்தான் அதிகம் சிரித்தேன். பிறகு அவர் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். துடிப்பு அடங்கியிருந்தது. அந்த அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் சவரக்கத்தியை எடுத்தேன். கட்டி கீறும் கத்தியை அதற்குப் பிறகு தொடவே இல்லை.