வாத்துக் கதையின் கடைசி எட்டுப் பக்கம்

வாத்துக் கதையை மறுபடியும் படமாக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்த நாளில் ஊரே துள்ளிக் குதித்தது. என் அத்தான் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

இந்தக் கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்ததில்லை. ஏரிக்கரை நாணலுக்குள் குட்டி என்கிற ஒரு வாத்துக்குஞ்சு தனியாக இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று பறந்துபோன அம்மாவுக்காகக் காத்திருக்கும். நானும் என் அக்காவும் சிறுவயதில் பழைய படத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். கடைசியில் அம்மா வாத்து திரும்பி வராது. பாதிப் பேருக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். புதுப் படக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள்: ‘இந்த முறை அம்மா வருகிறாள்!’ ஆச்சரியக்குறி வேறு.

அதன் முன்னால் நின்ற அத்தான் நின்றவர் நின்றவர்தான். எங்கள் பேருந்து வந்து போயே விட்டது.

“என்ன அத்தான், சினிமால சேரப் போறீங்களா? வாங்க,” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“மாப்ளே, அன்னைக்கு நான் பண்ணுன அதே வேலையத்தான் இவங்களும் பண்றாங்க,” என்றார்.

அவர் என் அக்காவின் கணவர். ஓர் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்குப் ‘பசை’ என்று பட்டப்பெயர். விரல் நுனியில் எந்நேரமும் காய்ந்த பசை இருக்கும். டீ குடிக்கும்போதுகூட அதை உரித்துக்கொண்டே இருப்பார். பெயரைக் கேட்டுப் பசையுள்ள ஆசாமி என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. பேச்சுதான் வராது. நாலு கேள்வி கேட்டால் அரை பதில் வரும். துக்கமான பேச்சை எடுத்தாலோ போச்சு, திடீரென்று ஏதாவது வேலை ஞாபகம் வந்து எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, வாய் ஓயாத என் அக்காவைக் கட்டிவைத்தார்கள். நல்ல ஜோடிதான். அவள் பேசுவாள், அவர் கேட்பார்.

அக்கா படுக்கையில் விழுந்தபோது அவர்கள் மகளுக்கு ஏழு வயது. இனி மீள மாட்டாள் என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அக்காவுக்கும் அது தெரியும். ஒருநாள் என்னை வைத்துக்கொண்டே அத்தானிடம் சொன்னாள்.

“அந்த வாத்துப் புத்தகத்தக் கொண்டுவந்து புள்ளைக்குத் தினம் கொஞ்சம் வாசிங்க. கடைசி வரைக்கும் வாசிங்க. என்னால அவகிட்ட நேரா சொல்ல முடியல.”

அத்தான் தலையாட்டினார்.

அந்தச் சமயம் அவருடைய அச்சகத்திலேயே அந்தப் புத்தகம் மறுபதிப்பு ஆகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பிரதியின் தாள்களை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டியிருக்கிறார். ‘அம்மா வரமாட்டாள்’ என்ற வரி கண்ணில் பட்டிருக்கிறது. அதற்கு மேல் படிக்கவில்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். காலைப் பற்றித் தெரியாது, கை நன்றாகவே ஓடியிருக்கிறது. புத்தகம் என்பது மடித்த தாள்களை அடுக்கிச் சேர்த்துத் தைப்பதுதான். கடைசி அத்தியாயம் தனி மடிப்பாக, எட்டுப் பக்கமாக இருந்தது. அதை மட்டும் உருவிவிட்டு, மீதியைத் தைத்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வேறு யாராவது என்றால் பக்கத்தைக் கிழித்திருப்பார்கள், தடம் தெரிந்திருக்கும். இவர் செய்தது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. உருவிய எட்டுப் பக்கமும் கழிவுத்தாள் மூட்டையோடு போய்விட்டது.

அவர் கொண்டுவந்த புத்தகத்தில் கதை இப்படி முடிந்தது: ‘வானத்தில் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது.’

“அம்மா வந்துடுச்சு!” என்று பிள்ளை கைதட்டியது. அத்தான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“கடைசி வரைக்கும் வாசிச்சீங்களா?” என்று அக்கா கேட்டதற்கு மட்டும், “வாசிச்சுட்டேன்,” என்றார். அக்கா அந்த நிம்மதியோடு போய்ச் சேர்ந்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வரும்.

வந்திருந்த உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாளே அத்தான் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்றார். கூடுதல் நேர வேலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் என் மனைவி வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், பிள்ளை ஓடிப்போய்க் கதவைத் திறக்கும். மேல் வீட்டுக்காரர் இறங்கினாலும் திறக்கும், பால் போடுகிறவர் வந்தாலும் திறக்கும்.

“வாத்தோட அம்மா வந்துச்சுல்லப்பா? நம்ம அம்மா எப்ப வருவாங்க?” என்று ஒருநாள் காலையில் கேட்டது.

“வேலைக்கு நேரமாச்சு,” என்று அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சில வருடம் கழித்துப் பள்ளிக்கூட நூலகத்தில் முழுப் புத்தகமும் அவள் கையில் கிடைத்தது. அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த தன் புத்தகத்தை எடுத்துவந்து, அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அவளே தீர்மானித்துத் தகவல் மட்டும் சொன்னாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று குறைவில்லாமல் விசாரிப்பாள். நர்ஸ் நோயாளியை விசாரிப்பதுபோல் இருக்கும். அவர் ஒருநாளும் அந்த எட்டுப் பக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. இத்தனை காலமும் இப்படியே ஓடிவிட்டது.

விளம்பரத்தைப் பார்த்தோமே, அன்று நாங்கள் அவள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். வழியில் அத்தான் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்து, வாத்துப் புத்தகம் ஒன்று வாங்கினார். கடைசி மடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கதவைத் திறந்த பேத்தி, “தாத்தா, வாத்துப் படத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சு!” என்று குதித்தாள்.

என் அக்கா மகள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, “நீங்களும் வாங்கப்பா. இதுல அம்மா வாத்து வந்துடுதாம். உங்களுக்குப் பிடிக்கும்,” என்றாள்.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் அவள் அம்மாவை மிஞ்சியவள். அத்தான் வழக்கம்போல ஏதாவது வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகத்தைத் திறந்தார்.

“படம் வர்றதுக்குள்ள கதைய முழுசாக் கேட்டுடு,” என்றார்.

நாணல், ஏரி, குளிர் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். சிறகடிக்கும் சத்தம் வந்தது. குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

“‘வாத்துக் கூட்டம் ஒன்று இறங்கியது. குட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. அம்மா இல்லை. அம்மா வரமாட்டாள் என்றது ஒரு கிழட்டு வாத்து.’”

அதோடு நிறுத்திவிட்டார். அந்த வரியைத் தாண்டி அவர் வாழ்க்கையில் படித்ததில்லை.

“அப்புறம் தாத்தா?” என்று பேத்தி முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. ஈரக்கையோடு வாசலில் வந்து நின்ற மகள், புத்தகத்தின் பக்கம் பார்க்காமலேயே சொன்னாள்.

“‘இன்று நாம் பறக்க வேண்டாம், குட்டி அழுது முடிக்கட்டும் என்றது கிழட்டு வாத்து. எல்லா வாத்துகளும் குட்டியைச் சுற்றி உட்கார்ந்தன. பொழுது சாயும்வரை யாரும் எழுந்து போகவில்லை.’”

அத்தான் குனிந்து பக்கத்தைப் பார்த்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று அங்கே அச்சடித்து வைத்திருந்தது. ஒரு வரிக்குப் பயந்து இதையும் சேர்த்துக் கழிவுத்தாளில் போட்டுவிட்டு வேலைக்குப் போன மனிதர் அவர்.

“உனக்கு எப்படிம்மா தெரியும்? யாரு வாசிச்சுக் காட்டுனாங்க?” என்றாள் பேத்தி.

“யாரும் இல்ல. நானேதான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.”

“நான் வாசிச்சிருக்கணும்மா,” என்றார் அத்தான். “உங்கம்மா என்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னா. கடைசி வரைக்கும் வாசிங்கன்னு.”

அவள் கை துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது.

“அம்மாவா சொன்னாங்க?”

“உனக்காக இந்தப் புத்தகத்தக் கொண்டுவரச் சொன்னதே அவதான்.”

அவள் வந்து சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“இதையாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாம்பா,” என்றாள். அத்தான் எழுந்து போகவில்லை, உட்கார்ந்தே இருந்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னும் பக்கம் இருக்கு. படிங்க.”