நர்ஸ் கொடுத்த ஐஸ்

சேலத்து ஆஸ்பத்திரியில் கீமோ மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் துண்டை அடக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தார் நர்ஸ். வாய்ப்புண் குறையுமாம். என் கணவர் தலையாட்டினார். நர்ஸ் போனதும் ஐஸை வாஷ்பேசினில் கொட்டினார்.

"சளி புடிச்சிக்கும். சுடுதண்ணி குடி."

எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் நாக்கும் உதட்டின் உட்புறமும் வெந்துபோயின. உப்பும் சோடா மாவும் கரைத்த தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே கிடந்தேன். எங்கள் பக்கத்தில் களியை மெல்ல மாட்டோம், அப்படியே விழுங்குவோம். அந்தத் தைரியத்தில் அவரே ராகிக் களி கிண்டி, ஆறவைத்து, சின்னச் சின்னதாக உருட்டி ஊட்டினார். முதல் உருண்டையையே துப்பினேன்.

அடுத்த முறை மருந்து ஏற்றப் போனபோது ஐஸை அவரே கேட்டு வாங்கினார். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு, கரையும்வரை காத்திருந்துவிட்டு எனக்கு வேறொரு துண்டை ஊட்டினார். அந்த முறை புண் அவ்வளவாக வரவில்லை.

ஆனால் மருந்து ஏற்றிய அன்றைக்கு ஊர் திரும்புகையில், பஸ் தொப்பூர் மலை ஏறும்போதே அவர் தும்ம ஆரம்பித்துவிட்டார்.

"நான் சொன்னன்ல," என்றார் மூக்கை உறிஞ்சியபடி.

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.