இரண்டு தரம் அடித்த லைற்

சலீம் நானாவின் சாவில் எனக்கும் பங்கு உண்டு.

பவித்திரா, கஜன்... இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு பேனையைக் கீழே வைத்தவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பவித்திரா திருத்தட்டும். ஆனால் முதல் வரியைத் திருத்த வேண்டாம். அது பிழை இல்லை.

ஏன் இப்போது சொல்கிறேன்?

மேசையில் உன் கட்டுரை கிடக்கிறது, மகள். 'என் அப்பா.' நாளைக்குப் பள்ளிக்கூடத்துக் காலைக்கூட்டத்தில் வாசிக்க உன்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். "இருபது வருடமாக வான் ஓட்டும் என் அப்பாவின் கையால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்று எழுதியிருக்கிறாய். மூன்று தரம் வாசித்தேன். பொய் சொல்ல மாட்டேன்... மூன்று தரமும் நெஞ்சு நிமிர்ந்தது! இப்போதும் நிமிர்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரியும், நான் எப்படிப்பட்ட சாரதி என்று. அன்புவழிபுரத்தில் இருந்து காலை ஆறு மணிக்கு ஆசிரியைமாரை ஏற்றிக்கொண்டு மூதூருக்கு ஓடுகிறேன். ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிவிடுவார்கள். அதற்கு முன் அவர்கள் ஒப்பம் வைக்க வேண்டும். ஒரு நாளும் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒருவரையும் நான் ஒப்பம் வைக்க விட்டதில்லை. அதற்காக மிதித்து ஓடியதும் இல்லை. ஊருக்குள் என் வேகமானி முள்ளு ஐம்பதைத் தாண்டாது.

சலீம் நானா அதைச் சொல்லித்தான் என்னை நக்கல் அடிப்பார். கிண்ணியாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வருவாரே, ரப்பர் குழலைப் பூம் பூம் என்று அமத்திக்கொண்டு... நினைவிருக்கிறதா? கஜன் அவரைப் 'பூம்பூம் நானா' என்பான்.

"தம்பி, நீங்க ஓடுற ஓட்டத்துக்கு என்ட மீன் பெட்டியால எறங்கி நடந்தே மூதூர் போயிரும்!" என்பார்.

"உங்கட மீன் நடந்து வாறதாலதான் நானா, வரேக்க நாறுது!" என்று உங்கள் அம்மா குசினிக்குள் இருந்து சொல்லுவாள். அவர் பெட்டியில் தட்டித் தட்டிச் சிரிப்பார்.

இனி அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

தெருவோரத்தில் பொலிஸ்காரர் வேகம் பார்க்கிற மெசினோடு நின்றால், அவர்களைத் தாண்டி வந்தவன் எதிரே வருகிறவனுக்கு இரண்டு தரம் லைற் அடிப்பான். 'முன்னுக்கு நிற்கிறார்கள், குறை' என்று அர்த்தம். எதிரே வருகிறவன் கையைத் தூக்குவான். அது நன்றி. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, தெருவில் நாங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! எத்தனை பேரைத் தண்டத்தில் இருந்து காப்பாற்றியிருப்பேன்! எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? என் வலது கை விரல் தானாகவே போகும்.

அன்று காலையும் போனது.

கிண்ணியாப் பாலம் தாண்டி, ஒரு மர நிழலில் பொலிஸ் நின்றது. நான் மெல்லத்தான் போனேன், என்னை மறிக்கவில்லை. கொஞ்சத் தூரத்தில் எதிரே ஒரு லொறி. நீல நிறம், முன்பக்கம் முழுக்கப் பூச்சித்திரம். காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது... கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, அது ஓடக்கூடிய வேகம் இல்லை.

நான் இரண்டு தரம் லைற் அடித்தேன்.

சாரதி சின்ன வயதுக்காரன். கையைத் தூக்கினான். சிரித்தான். லொறி அடங்கிவிட்டது. "அண்ணா, இண்டைக்கும் புண்ணியம் தேடிட்டீங்கள்" என்றார் பின்னால் இருந்த ரீச்சர் ஒருவர். "ஓம் ரீச்சர், அதுதான் என்ட சம்பளம்" என்றேன். வான் முழுக்கச் சிரித்தது.

நான் அடிக்காமல் விட்டிருந்தால்? அந்த மர நிழலில் அவனை மறித்திருப்பார்கள். பத்து நிமிடமாவது நின்றிருப்பான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அதே தெருவில் முன்னால் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த சலீம் நானா சீனக்குடாவைத் தாண்டியிருப்பார்...

மூதூரில் ரீச்சர்மாரை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். பாலத்துக்கு இங்கால் சனம் கூடி நிற்கிறது. தெரு முழுக்கப் பாரைக்குட்டி மீன்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்த ரப்பர் குழல் தனியாகப் புல்லுக்குள் கிடந்தது. நானாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். நீல லொறி தெருவோரத் தண்ணிக் கானுக்குள் சரிந்திருந்தது. பின்னால் வந்து அடித்திருக்கிறது.

பொலிஸ் ஜீப்புக்குப் பக்கத்தில் அந்தச் சாரதி குந்தியிருந்தான். என் வானைக் கண்டதும் எழும்பினான்.

"அண்ணே... நீங்கள்தானே லைற் அடிச்சனீங்கள்? அவங்களத் தாண்டிட்டன், இனி ஒருத்தரும் நிக்க மாட்டாங்கள் எண்டுதான் அண்ணே மிதிச்சனான்..."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரிந்த ஒரு முகத்தைக் கண்ட ஆறுதலில் சொன்னான். அவ்வளவுதான்!

பொலிஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்ச ஆளா?"

"இல்லை" என்றேன்.

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு திரும்பக் குந்திவிட்டான்.

'இந்த இடத்தில் பொலிஸ் நிற்கிறது' என்று சொல்லும்போது, 'இதற்கு அப்பால் இல்லை, விருப்பம்போல் ஓடு' என்றும் சொல்லிவிடுகிறோமே! அத்தனை வருடமும் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். இது ஏன் எனக்கு அதற்கு முன் விளங்கவில்லை?

நானாவின் ஜனாசா அடக்கத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கியது என் வான்தான். நானாவின் மனைவி பரீதா ராத்தா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, "உங்களப் போல மனிசர் இருக்கிறதால்தான் தம்பி, நாங்க தாங்குறம்" என்றா. நான் தலையை ஆட்டினேன்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் அவ கிண்ணத்தில் வட்டிலப்பம் அனுப்புகிறா. நீங்கள் வழித்து வழித்துச் சாப்பிடுவீர்கள். "எனக்குச் சீனி கூடாது" என்பேன். பிள்ளைகளே, என் இரத்தத்தில் சீனி இல்லை. என் உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்தது, பவித்திரா, உன் கட்டுரையில் நீ இரண்டு பக்கம் எழுதிய அந்தக் கூட்டம்.

அந்தத் தெருவில் வேகம் பிடிக்கும் கமரா வைப்பதா, விடுவதா என்று கூட்டம் கூட்டினார்கள். சாரதிமார் நிறைந்து போய் நின்றோம். "கமரா உயிரைக் காக்க இல்லை, எங்கட பொக்கற்றைத் தடவத்தான்!" என்றான் ஒருவன். "பொலிஸெண்டா ஒரு கதை கதைக்கலாம், கமராவோட என்னத்தக் கதைக்கிறது?" என்றான் இன்னொருவன். மண்டபம் சிரித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எழும்பி, "உங்கட கதை கேட்டுப் பொலிஸ் விட்டதாலதான் என்ட பிள்ளை போனவன்" என்றா. சிரிப்பு அடங்கியது.

அப்போது நான் எழும்பினேன்.

"ஒரு கமரா வச்சுப் பிரயோசனம் இல்லை ஐயா. அதில மட்டும் குறைப்பம், தாண்டினதும் மிதிப்பம். ரெண்டு வையுங்கோ. கிண்ணியாப் பாலத்தில ஒண்டு, சீனக்குடாப் பக்கம் ஒண்டு. இதில எத்தினை மணிக்குப் போனவன், அதில எத்தினை மணிக்கு வந்தவன் எண்டு பாருங்கோ. இடையில ஓடினவன் தானா அம்பிடுவான்."

கை தட்டினார்கள்! மேடையில் இருந்த அதிகாரி என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கமராக்கள் இன்னும் வரவில்லை. ஆனால் எனக்கு அன்று முதல் 'கமரா அண்ணன்' என்று பட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் லைற் அடிப்பதில்லை. எதிரே வருகிறவர்கள் எனக்கு அடிக்கிறார்கள். நான் கை தூக்குவதில்லை. கண்ணாடியைத் திறந்து ஏசுகிறார்கள். அந்த ஏச்சிலும் எனக்குப் பெருமைதான்.

"படிக்காத என் அப்பாவின் மூளையில் படித்தவர்களுக்கும் வராத யோசனை வந்தது" என்று எழுதியிருக்கிறாய்.

மகள், அது என் மூளையில் வரவில்லை. பொலிஸ் ஜீப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அந்த ஒருவன் வாயில் இருந்து வந்தது. சலீம் நானாவின் உயிர் போய் எனக்கு விளங்கியது. அதை எடுத்து, என்னுடையது போல் சபையில் சொல்லி, கைதட்டும் வாங்கினேன்... எங்கே படித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அந்தப் பெடியனுக்குத் தண்டனை குறைந்திருக்குமா? தெரியாது. பரீதா ராத்தா கிண்ணம் அனுப்புவதை நிறுத்தியிருப்பாவா? தெரியாது... அது தெரியாமல் இருக்கத்தான் இவ்வளவு காலமும் வாயை மூடியிருந்தேனா?

யோசனை நல்ல யோசனைதான். இன்னொரு தரம் கூட்டம் வைத்தாலும் எழும்பி அதையேதான் சொல்லுவேன், தலை நிமிர்ந்து சொல்லுவேன். உன் எழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது. என் பிள்ளை சபையில் வாசிக்கப் போகிறாள் என்று தெருவில் ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டேன்.

ஆனால் கட்டுரைக்கு அடியில் ரீச்சர் ஒரு கோடு கீறி, 'பெற்றார் ஒப்பம்' என்று எழுதி விட்டிருக்கிறா. மத்தியானம் சாப்பிட்டு எழும்பியதில் இருந்து பேனையோடு இருக்கிறேன்.

'ஒரு கீறல்கூட விழுந்ததில்லை' என்ற அந்த வரியை நீ வெட்டுவதும் விடுவதும் உன் விருப்பம். இந்தத் தாளைக் கட்டுரைக்கு மேலே வைத்துவிட்டு வானைக் கழுவப் போகிறேன்.

கோட்டில் ஒப்பம் வைக்கவில்லை.