நுரைக்காத வாசனைச் சோப்பு

சோப்புச் செய்வதை நான் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். புத்தகம் பார்த்து நான் செய்த மற்றக் காரியங்களும் இதே கதியைத்தான் அடைந்தன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்போது மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஸ்டோரில் நான் ரைட்டர். என் மனைவி ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். ஓயாத இருமல், மாலையானால் காய்ச்சல். அடுத்த வீட்டம்மாள் துரை பங்களாவில் ஆயா. தீர்ந்துபோன சீமைச் சோப்பின் உறைக் காகிதம் ஒன்றை ஒருநாள் கொண்டுவந்து கொடுத்தாள். ரோஜா வாசனை. மனைவி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மருந்து குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்து முகர்வாள்.

"இந்தச் சோப்பு போட்டு ஒருவாட்டி குளிச்சிட்டா, எழுந்து உக்காந்துடுவேங்க" என்றாள்.

வைத்தியர் சொன்ன எதையும்விட இது எனக்கு நம்பும்படியாக இருந்தது. எங்கள் கடைத்தெருவிலோ துணிக்குப் போடும் சோப்புதான் கிடைக்கும். ஆகவே புத்தகம்.

இயந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஸ்டோரில் காஸ்டிக் காரம் வைத்திருப்போம். துரையிடம் ஒரு டப்பா கேட்டேன், சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தேங்காயெண்ணெயும் ரோஜா அத்தரும் என் உபயம். ஸ்டோரின் பின்பக்கக் கொட்டகையில் வைத்துக் கிளறினேன். கை இரண்டு இடத்தில் வெந்தது. அச்சு கிடைக்காததால் லட்டுப் போல இரண்டு உருண்டை பிடித்து மூன்று வாரம் காயவைத்தேன். அந்த மூன்று வாரத்தில் அவள் இன்னும் இளைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வெந்நீர் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் ஷிப்ட் விடும் நேரத்தில் உருண்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டு கேட்டுக்கு வந்தேன். சுரங்கக் கல்லை அரைக்கும் எங்கள் மில்லில் பொன்னைப் பாதரசத்தில் பிடித்து உருண்டையாகத்தான் திரட்டுவார்கள். அதைத் திருடுகிறவன் மெழுகிலோ களிமண்ணிலோ பொதிந்து கடத்துவான். உருண்டையாக எதையும் முடிந்துகொண்டு அந்தக் கேட்டைத் தாண்டக்கூடாதென்று நேற்றுச் சேர்ந்த கூலிக்கும் தெரியும். பத்து வருஷம் அங்கே பேனா பிடித்த எனக்குத் தோன்றவில்லை.

"துண்டுல இன்னா ரைட்டரே?" என்றார் காவல் ஜமேதார்.

"சோப்பு."

"உருண்டையாவா?"

ஒன்றை வாங்கிக் கத்தியால் நாலாகப் பிளந்தார். எதுவும் அகப்படாததால் சந்தேகம் கூடிப்போயிற்று. துண்டுகளைப் பக்கெட்டுத் தண்ணீரில் போட்டுப் பிசையச் சொன்னார். சுரங்க ஷாப்டின் அடியிலிருந்து இறைத்த உப்புத் தண்ணீர் அது. நுரை வரவில்லை, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பிதான் மிதந்தது.

"சோப்புன்னா நுரைக்கணும். இதுல இன்னாமோ கலந்துகீது."

"தண்ணியில உப்புங்க. பேத்தமங்களா ஏரித் தண்ணியா இருந்தா நுரைக்கும்."

"ஏரியக் கேட்டாண்ட கொண்டாரச் சொல்றீங்களா? இன்னொண்ணு கீதே, அதப் போட்டுக் குளிச்சுக் காட்டுங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரியற வரைக்கும் தேயுங்க."

சட்டையைக் கழற்றினேன். சோதனைக்கு வரிசையில் நின்றவர்கள், அன்றைக்கும் தங்கள் கோவணத்தை உதறிக் காட்டியிருந்தவர்கள், ஆனந்தமாக வேடிக்கை பார்த்தார்கள்.

"ரைட்டருக்கு இன்னிக்குக் கண்ணாலம் டோய்!"

"சாமி, முதுகு தேக்க ஆளு வேணுமா?"

தேய்த்தேன். நுரை இல்லாத சோப்பு பிசின் மாதிரி மேலெல்லாம் ஒட்டியது. ஒரு சில்லையாவது விரலிடுக்கில் ஒளிக்கப் பார்த்தேன். அந்தக் கேட்டில் அதைவிடக் கெட்டிக்காரர்களையெல்லாம் பார்த்தவர் ஜமேதார். கையை விரிக்கச் சொல்லி அதையும் நசுக்கிப் பார்த்துவிட்டு, "சோப்புதான், போங்க" என்றார்.

வாசலில் கால் வைத்ததுமே உள்ளிருந்து குரல் வந்தது.

"வந்துட்ச்சாங்க? வாசனை வருது!"

பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டாள். நடந்ததை நாடகம் மாதிரி நடித்துச் சொன்னேன். ஜமேதார் வேஷத்துக்குச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு கேட்டாள்:

"எனக்கு ஒரு துண்டுகூடவா வெக்கல?"

மற்றக் கையையும் நீட்டினேன்.

வெள்ளிக்கிழமை வெந்நீர் வைக்கவில்லை. நானும் குளிக்கவில்லை. கையை அவள் தலையணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேண்டும்போது முகர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசனை போய்விட்டது. வேர்வையும் ஸ்டோர் கிரீசும்தான் மிச்சம்.

"போயிட்ச்சு, விடு" என்றேன்.

"கீதுங்க" என்றாள், மூக்கை எடுக்காமலே.

செவ்வாய்க்கிழமை, மயானத்திலிருந்து திரும்பி, நான் குளிக்கவேண்டியதாயிற்று.