ஓடைக்கு இக்கரையின் காவலர்

ஊர்க் கடையில் வெண்ணெய்ப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார் ஃபெலிசியன் ஷாஸோ. எங்கள் நாட்டில் எந்தப் பொட்டலத்திலும் மூன்று மொழிகள் இருக்கும்; பிரெஞ்சுப் பக்கமே முன்னால் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. வெண்ணெய் முடிந்ததும் மாவு, பிறகு உப்பு. கல்லாவிலிருந்து நதாலி குரல் கொடுக்கிறாள்: "ஐயா, அப்படியே தூசியும் தட்டிடுங்க, புண்ணியமாப் போகும்!"

அவருக்கு வயது எழுபத்தொன்று. எங்கள் ஊர் பிரெஞ்சு பேசுவது; ஓடைக்கு அக்கரையில் இருப்பது ஜெர்மன் பேசும் ஊர். அங்கே நாய் குரைத்தால்கூட, "நம்மளைத்தான் அதட்டுறான், பாருங்க" என்பார். அவருடைய பல்வைத்தியர் மட்டும் அக்கரைக்காரர். கேட்டால், "வலிக்கிறது பல்லுதானேங்க, மொழியா?" என்பார்.

நான் ஊராட்சி எழுத்தர். இருபத்திரண்டு ஆண்டுகளில் என்மீது அவர் எழுதிய புகார்கள் பதினேழு. தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன். அறிவிப்புப் பலகையில் ஜெர்மன் தாளைப் பிரெஞ்சுத் தாளைவிட அரை விரல் உயரமாக ஒட்டினேன் என்பது ஒன்பதாவது. அளந்தேன். இரண்டும் ஒரே உயரம்.

சென்ற மாதம், இரண்டு ஊர்களையும் ஒரே ஊராட்சியாக்கலாமா என்று வாக்கெடுப்பு. அக்கரை முன்பே சம்மதித்துவிட்டது. முடிவு எங்கள் கையில். ஷாஸோ மழையிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார். "விட்டீங்கன்னா நம்ம ஊர்ப் பேரே மிஞ்சாதும்மா! ஓட்டை இன்னைக்கே தபால்ல போட்டுடுங்க. கூட வைக்கிற அட்டையில கையெழுத்து முக்கியம். அது இல்லேன்னா ஓட்டு இருக்கிற உள்உறையைப் பிரிக்கவே மாட்டாங்க."

இணைப்புக்கு ஆதரவு நூற்றுப் பன்னிரண்டு, எதிர்ப்பு நூற்றுப் பதினொன்று, அட்டையில் கையெழுத்து இல்லாததால் செல்லாதது ஒன்று. சமமாகியிருந்தால் இணைப்பு தோற்றிருக்கும்.

திங்கட்கிழமை அலுவலகக் கதவு திறக்கும் முன்பே ஷாஸோ வாசலில் நின்றார்.

"எண்ணுனது நீங்கதானே?"

"ஆமாம். மூன்று முறை."

"அந்தச் செல்லாத ஓட்டுப் போட்ட முட்டாள் யாரு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு கையெழுத்துப் போடாம ஊரையே தூக்கிக் குடுத்துட்டானே, பாவி!"

பெட்டகத்தைத் திறந்து அந்த அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது: ஷாஸோ, ஃபெலிசியன். கையெழுத்துக்குரிய கட்டம் வெள்ளையாக இருந்தது.

தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு மேசையிலிருந்த என் பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் நிதானமாகக் கையெழுத்திட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்து, அட்டையை என் பக்கம் நகர்த்தினார்.