புக்கிட் ரோத்தானுக்கு முக்காட்டோடு போனது

சனிக்கிழமை காலை எட்டு மணி ரயிலுக்குப் பத்தாங் காலி நிலையத்தில் நின்றேன். ரவாங் வரைக்கும் வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம், இரண்டு மலேசிய வெள்ளிக்கும் குறைவு. கூட வருகிறேன் என்ற வீட்டுக்காரரை வேண்டாம் என்றுவிட்டேன். நான் கிளம்பியதே அவருக்காகத்தான்.

மார்பில் வந்த புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவது போன மாதம்தான் முடிந்தது. தலையில் ஒரு முடி இல்லை. அதை நர்சுகளைத் தவிர யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் துணி கட்டியிருப்பேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நாற்பது வருஷம் கூட இருந்த மனிதர் இப்போது கதவைத் தட்டிவிட்டு அறைக்குள் வருகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதலில் தங்கச்சி லெட்சுமிக்குத் தலையைக் காட்டிவிட்டால், அப்புறம் அவருக்குக் காட்டத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

செரண்டா தாண்டியதும் பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் எனக்குச் சலாம் சொன்னாள். கறுப்புத் துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டியிருந்ததால் முஸ்லிம் என்று நினைத்துவிட்டாள். இல்லை என்று சொல்லக் கூச்சம். தலையை ஆட்டி வைத்தேன். பேரீச்சம்பழம் கொடுத்தாள். நல்ல பழம்.

ரவாங்கிலிருந்து வாடகைக் கார், ஐம்பத்தைந்து வெள்ளி. நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். ஓட்டியவர் பேசாத ஆள், எனக்கு வசதி. ஈஜோக் வந்தபோது பசித்தது. மருந்தினால் மாதக்கணக்கில் வாயில் இரும்பு ருசிதான். அன்றைக்குத்தான் உண்மையான பசி. தோசை வாசம் வந்த கடையில் நிறுத்தச் சொன்னேன்.

கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் பதறிப்போய், இது இந்துக் கடை, காட்டுப்பன்றியெல்லாம் சமைப்போம், பக்கத்துக் கடைக்குப் போங்கள் என்று மலாயில் சொன்னார். நான் துணியைக் கொஞ்சம் மேலே தள்ளி நெற்றித் திருநீற்றைக் காட்டினேன்.

"ஐயையோ, நம்ம ஆளா! வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே லா! நான்பாட்டுக்கு வெரட்டுறேன்!"

"ரெண்டு தோசை குடும்மா."

"அத ஏன் இவ்ளோ மெதுவா கேக்குறீங்க? மூணா சாப்புடுங்க."

மூன்றும் சாப்பிட்டேன். நாலரை வெள்ளி.

பத்தரை மணிக்குப் புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டுக்குள் நுழைந்தோம். பழைய லயத்து வரிசை வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய வீடுகள். லெட்சுமியிடம் வருவதாகச் சொல்லவில்லை. கதவைத் தட்டினேன். கரண்டியும் கையுமாக வந்தாள்.

"சாரி சியாப்பா, மக்சிக்?"

யாரைத் தேடுறீங்க பெரியம்மா என்று மலாயில் கேட்கிறாள், என் கூடப்பிறந்தவள்!

பதில் சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. எங்கே உட்கார்ந்து, எப்படிச் சொல்லி அவிழ்ப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். இப்போது வாசலிலேயே, வெயிலிலேயே, முடிச்சை அவிழ்த்துத் துணியை எடுத்துவிட்டேன்.

கரண்டி கீழே விழுந்தது. லெட்சுமிக்குக் கண் கலங்கியது. அப்புறம் சொன்னாள்:

"அக்கா! அப்படியே நம்ம அப்பா மண்ட லா!"

எங்கள் அப்பாவுக்கு முப்பது வயதிலேயே வழுக்கை.

"அப்பாவுக்கு மீசை இருந்துச்சுடி."

"அதுக்கும் ஒரு ஊசி போடச் சொல்லு!"

கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வேர்த்திருந்த என் தலையை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்போது கொஞ்சம் அழுதோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். மத்தியானம் கோல சிலாங்கூர் நண்டுக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு, மண்டையில் நேராகக் காற்றாடிக் காற்று பட, நன்றாகத் தூங்கினேன்.

நாலு மணிக்குக் கிளம்பினேன். துணி பைக்குள் இருந்தது. ரயிலில் ஒரு தமிழ்ப் பெண், "எந்தக் கோயில் வேண்டுதலுங்க?" என்றாள்.

"வேண்டுதல் இல்லம்மா, வைத்தியம்" என்றேன். எதிர் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தமாக நான் வெளியில் பேசியதே இல்லை.

ஆறரை மணிக்கு வீடு. கேட்டைத் திறக்க வந்த வீட்டுக்காரர் சாவியோடு அப்படியே நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"வாங்க மாமா, இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?" என்றார்.

எங்கள் அப்பா வரும்போதெல்லாம் அவர் அப்படித்தான் கேட்பார். லெட்சுமி போன் போட்டுச் சொன்னாளோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.