டீசல் ரயிலில் அமைதியான இருக்கை

இன்று காலை ஓசூரில் பெங்களூர் ரயில் ஏறும்போது, அமைதியான இருக்கைக்காக என் முழு அறிவையும் செலவழித்தேன்.

டீசல் இன்ஜின் முதல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது; ஆகவே நடுப்பெட்டி. சக்கரத்துக்கு மேலே அதிரும், கதவருகே இரையும். ஆகவே பெட்டியின் நட்டநடுவில் ஜன்னலோரம். ஏழு வருடம் தொழிற்சாலையில் தரம் பார்த்தவன், இருக்கையை மட்டும் சும்மா விடுவேனா?

கண்ணை மூடினேன். எதிரே இருந்தவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். வீட்டுக்குத் தமிழ், ஆபீசுக்குக் கன்னடம், நிலத்தரகருக்குத் தெலுங்கு. மூன்று மொழிக்கும் ஒரே சுருதி: உச்சம்.

"அண்ணா, கொஞ்சம் மெதுவா பேசறீங்களா?"

"இந்தப் பெட்டியிலதாங்க சத்தமே இல்ல. போன் பேசறதுக்குன்னே இங்க வந்து ஏறறேன்" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். பெட்டி முழுக்க போனும் கையுமாக அதே ஞானிகள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, முதல் பெட்டிக்கு ஓடினேன். அங்கே இன்ஜின் காதைக் கிழித்தது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் போன் இல்லை.

ரயில் ஒரு சிக்னலில் நின்று இன்ஜின் அடங்கியதும், அத்தனை பேரும் திடுக்கிட்டு விழித்தார்கள்.

"தகடு அடிக்கிற பிரஸ் மெஷின்ல வேலைங்க எங்களுக்கு. சத்தம் நின்னாதான் பயமா இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். இன்ஜின் உறுமியதும் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

சிறிது நேரத்தில் நானும்.

நாளை முதல் நடுப்பெட்டியில் என் அமைதியான இருக்கை காலி. கத்திப் பேச இடம் தேடுகிறவர்கள் கமெண்டில் துண்டு போட்டு வைக்கலாம்.